தொடர்கதை பைண்டிங் ஒண்ணைப் பிரிச்சு மறுபடி தைச்ச அனுபவம்

போட்ட தையல் பிடிச்சு நின்னுடுச்சு. புத்தகத்தை மேசையில விரிச்சா விரிச்சபடி படுக்குது, நடுப்பக்கம் உடையல, அதனால இதை இப்பவே எழுதி வெச்சிடறேன். இல்லேன்னா அடுத்த வால்யூமை எடுக்கும்போது எந்தப் பசை எவ்வளவு தண்ணின்னு மறுபடி முதல்லேர்ந்து தேடணும்.

நான் வேலை பாக்கறது திருவல்லிக்கேணி பக்கம் ஒரு பழைய புத்தகக் கடை. வீடு காலி பண்றவங்க சாக்கு மூட்டையா கொண்டுவந்து இறக்குவாங்க, கிலோ கணக்குல எடை போட்டு வாங்கி நாங்க தரம் பிரிப்போம். பாடப்புத்தகம் ஒரு பக்கம், இங்கிலீஷ் நாவல் ஒரு பக்கம், மீதி எல்லாம் பழைய பேப்பருக்குப் போகும். இந்த மீதியிலதான் அடிக்கடி தொடர்கதை பைண்டிங் மாட்டும். வாராவாரம் பத்திரிகையில வந்த தொடரைக் கிழிச்சு சேத்து வெச்சு, தெருமுனை பைண்டர்கிட்ட குடுத்து அட்டை போட்டு வீட்ல வெச்சிருப்பாங்களே, அது. இதுக்குத் தலைப்புப் பக்கம் கிடையாது, பதிப்பகம் பேர் கிடையாது, வருஷம் கிடையாது. முதல் பதிப்பு கேட்டு வர்ற சேகரிப்பாளர்கள்ல பாதிப் பேர் இதைத் திறந்து கூட பாக்க மாட்டாங்க. கடைக்காரங்களும் அட்டையைப் பிய்ச்சுட்டு உள்ள இருக்கறதை எடைக்குப் போட்டுடுவாங்க.

இந்தத் தடவை வந்த மூட்டையில மூணு வால்யூம் இருந்துது. மேல இருந்ததைத் திறந்தா முதல் அத்தியாயம் 'ஆடித் திருநாள்'. பொன்னியின் செல்வன், முதல் பாகம், புது வெள்ளம். கடை முதலாளி பாய் பாத்துட்டு, "தம்பி, இதை எடைக்குப் போட்றாத, எந்த வருஷத்துதுன்னு முதல்ல பாரு" ன்னாரு. அவரு மூர் மார்க்கெட்ல 1985 மே மாசம் தீ பிடிச்சதுக்கு முன்னாடியே அங்க கடையில பையனா இருந்தவரு, இந்த மாதிரி விஷயத்துல அவர் சொன்னா கேட்டுக்கணும்.

வருஷம் பாக்கறதுதான் முதல் வேலை. கல்கியில இந்தக் கதை முதல்ல வந்தது 1950 அக்டோபர் 29லேர்ந்து 1954 மே 16 வரைக்கும். அப்புறம் அதே பத்திரிகையில மறுபடி மறுபடி தொடரா போட்டிருக்காங்க, அதனால தாள் பழுப்பா இருக்குங்கறதை மட்டும் வெச்சு முதல் தடவை வந்ததுன்னு சொல்லிட முடியாது. நான் கதைப் பக்கத்தைப் பாக்கவே இல்ல, பின்பக்கத்தைத்தான் பாத்தேன். கதை முடியற இடத்துல பக்கத்துக்கு அடியில விளம்பரம் இருக்கும், அந்த விளம்பரத்துல விலை இருக்கும். ரூ. 2-8-0 ன்னு மூணு எண் கோடு போட்டு இருந்தா அது ரூபா அணா பை, அதாவது 1957 ஏப்ரல் 1க்கு முன்னாடி அச்சானது. நயா பைசா, ந.பை. ன்னு இருந்தா அதுக்குப் பின்னாடி, 1964 வரைக்கும். முகவரியில ஆறு இலக்க பின்கோடு இருந்தா 1972க்குப் பிறகு. லை, ணை எல்லாம் பழைய துதிக்கை வடிவத்துல இருந்தா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடின்னு ஓரளவு சொல்லலாம், ஆனா சில அச்சகங்கள் பழைய எழுத்தை உடனே விடல, அதனால எழுத்தை மட்டும் நம்பக்கூடாது. எங்க வால்யூம்ல விளம்பரம் பூரா அணா. ஓவியத்துக்கு அடியில மணியம் கையெழுத்து. அவர் 1968ல காலமாயிட்டாரு, பின்னாடி வந்த மறுதொடர்களுக்கு வேற ஓவியர்கள் வரைஞ்சாங்க. அணாவும் மணியமும் சேந்து வந்தா சந்தேகமே இல்ல, இது முதல் ஓட்டம்.

அப்போ இது முதல் பதிப்புக்கும் முந்தினது. கதை அச்சுல முதல் முதல்ல எப்படி வாசகர் கைக்குப் போச்சோ அந்தத் தாள். 1999ல கல்கி எழுத்து நாட்டுடைமை ஆனதிலேர்ந்து கதை எந்த விலைக்கும் கிடைக்குது, கதைக்காக யாரும் இதை வாங்க வேண்டியதில்ல. ஆனா அந்த வாரத்து ஓவியம், அந்த ஓவியம் பக்கத்துல எங்க உக்காந்துச்சு, எந்த இடத்துல "தொடரும்" போட்டு ஜனங்களை ஏழு நாள் காக்க வெச்சாங்க, இதெல்லாம் புத்தகப் பதிப்புல அப்படியே கிடைக்காது. இதை நான் ரொம்ப உறுதியா நம்பறேன்.

சரி, நிலைமை என்னன்னா மோசம். பைண்டர் எல்லாத் தாளையும் அடுக்கி, முதுகு விளிம்புலேர்ந்து 8 மில்லிமீட்டர் உள்ள தள்ளி பக்கவாட்டுல ஓட்டை குத்தி சணல் நூல்ல இழுத்துத் தைச்சிருக்காரு. வாரப் பத்திரிகைத் தாள் நியூஸ்பிரிண்ட், மரக்கூழ்ல இருக்கற லிக்னின் எடுக்காத தாள், எழுபது வருஷத்துல அமிலம் ஏறி முறுக்கு மாதிரி ஆயிடுச்சு. பக்கத்தைத் திருப்பினா அது மடங்கறதுக்கு இடமே இல்ல, தையல் கோட்டுல ஸ்கேல் வெச்சு உடைக்கற மாதிரி டக்குனு உடையுது. முதல் இருபது தாள் ஏற்கெனவே உடைஞ்சு தனித்தனியா கிடக்குது. நடுவுல ராமபாணப் பூச்சி துளைச்ச ஓட்டை. சில இடத்துல யாரோ செல்லோ டேப் வேற ஒட்டி வெச்சிருக்காங்க.

பூச்சியை முதல்ல கொல்லணும், இல்லேன்னா கடையில இருக்கற மத்த புத்தகத்துக்கும் பரவும். மருந்து எதுவும் அடிக்கல. வால்யூமை வெள்ளைத் தாள்ல சுத்தி, ஜிப் கவர்ல போட்டு, காத்தை நல்லா அழுத்தி வெளியேத்தி, மைனஸ் 18 டிகிரி வர்ற டீப் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம். வெளிய எடுத்ததும் கவரைத் திறக்கவே கூடாது, ஒரு முழு நாள் அப்படியே வெளிய வெச்சு ரூம் சூட்டுக்கு வந்தப்புறம்தான் திறக்கணும். சென்னைக் காத்துல இருக்கற ஈரத்துக்கு உடனே திறந்தா சில்லுன்னு இருக்கற தாள் மேல தண்ணி முத்து முத்தா படிஞ்சிடும்.

அடுத்து தூசி. புது ஷேவிங் பிரஷ், மூக்குல மாஸ்க், நடுவுலேர்ந்து விளிம்புப் பக்கம் மட்டும் தள்ளணும். அழுக்கு ஜாஸ்தி இருக்கற இடத்துல வெள்ளை ரப்பரைத் துருவிப் போட்டு விரல் நுனியால லேசா உருட்டினேன், ஓவியம் இருக்கற இடத்தைத் தொடல.

பிரிக்கும்போது நூலை இழுக்கக்கூடாது. ரெண்டு தையலுக்கு ஒரு தடவை நறுக்கி, துண்டு துண்டா முள்ளு எடுக்கற கிடுக்கியால எடுத்தேன். முதுகுல பைண்டர் வஜ்ரப் பசை (தோல், எலும்புலேர்ந்து காய்ச்சற பசை) தடவியிருந்தாரு, கல்லு மாதிரி இருந்துது. அதுக்குச் சுரண்டறதை விட்டுட்டு, கெட்டியா காய்ச்சின கோதுமைப் பசையையே அரை விரல்கட்டை கனத்துக்கு முதுகு மேல அப்பி பதினஞ்சு நிமிஷம் விட்டா வஜ்ரம் ஊறி ஜெல்லி ஆயிடும், மூங்கில் சிம்பால வழிச்சு எடுத்துடலாம். சில தாள்ல பத்திரிகையோட ஸ்டேப்பிள் பின்னே இன்னும் இருந்துது, துருப்பிடிச்சு. அதைப் பின்பக்கத்துலேர்ந்து காலை நிமித்தி, தாளுக்கும் பின்னுக்கும் நடுவுல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் சொருகிட்டு எடுத்தா துரு வளையம் கிழியாம தப்பிக்கும். டேப்புக்கு சின்ன அயர்ன் நுனியை லேசா சூடு பண்ணி மேல் ஃபிலிமை உரிச்சேன், அடியில இருந்த மஞ்சள் பிசினை க்ரேப் ரப்பர்ல உருட்டி எடுத்தேன், கறை போகல. அதுக்கு மேல போராடல.

தாள் தாளா பிரிச்சப்போதான் இந்த வால்யூமோட அருமை தெரிஞ்சுது. ஒவ்வொரு வாரத்துக்கும் முதல் பக்கத்து மேல் மூலையில அந்த வீட்டு அம்மா யாரோ ஊதாப் பென்சில்ல தேதி எழுதியிருக்காங்க. 29-10-50, 5-11-50 ன்னு வரிசையா. பழைய காலண்டரை வெச்சு சரிபாத்தேன், எல்லாம் ஞாயித்துக்கிழமை. ஏழு ஏழு நாளா கூட்டிட்டே போனா எந்த வாரம் விடுபட்டுருக்குன்னு தெரிஞ்சிடும். ஒரு இடத்துல அச்சுத் தாள் இல்ல. அதுக்குப் பதிலா ரூல் போட்ட நோட்டுத் தாள்ல நீல மசியில அந்த வாரத்துப் பகுதி முழுக்க கையால எழுதி சேத்திருக்காங்க. எழுத்து சின்னச் சின்னதா, அடித்தல் திருத்தல் இல்லாம, பத்தி பிரிச்ச இடம் கூட அச்சுல இருக்கற மாதிரியே. ஓவியம் வர வேண்டிய இடத்துல ஒரு கட்டம் போட்டு காலியா விட்டிருக்காங்க. மேல ஒரு வரி, "தபாலில் வரவில்லை, எதிர் வீட்டுப் பிரதியைப் பார்த்து எழுதியது." நான் அன்னிக்கு அதுக்கு மேல வேலை செய்யல.

இந்த ஊதாப் பென்சில்தான் மீதி முடிவையெல்லாம் எடுத்துச்சு. பழுப்புத் தாளைத் தண்ணியில கழுவினா அமிலம் கொஞ்சம் வெளிய வரும்னு படிச்சிருந்தேன், அதே காலத்து உபயோகமில்லாத விளம்பரத் தாள் ஒண்ணை நான்-ஓவன் துணி (நெய்யாம நாரை அழுத்திச் செஞ்ச துணி) மேல வெச்சு தட்டுல ஊறப்போட்டும் பாத்தேன். தண்ணி நல்லா மஞ்சளா இறங்குச்சு, தாளும் பளிச்சுன்னு ஆச்சு. ஆனா அந்தக் காலத்து காப்பியிங் பென்சில்ல சாயம் கலந்திருக்கும், ஈரம் பட்டா ஊதாவா ஓடிடும். தேதி எழுத்தோட ஓரத்துல ஊசி முனையால ஒரு பொட்டுத் தண்ணி வெச்சு பிளாட்டிங் பேப்பரால ஒத்தினேன், உடனே ஊதா ஏறிடுச்சு. நீல மசியும் அதே மாதிரிதான். அதோட கழுவற யோசனையை விட்டுட்டேன். தாள் வெளுக்கறதை விட அந்தத் தேதிங்க நிக்கறது முக்கியம்.

இப்போ பசை. இதுலதான் நிறைய நேரம் போச்சு. பைண்டர்கள் காய்ச்சறது மைதாப் பசை, பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுவாங்க. முதல்ல நானும் பக்கத்து பைண்டர்கிட்டேர்ந்து அதையே ஒரு டப்பா வாங்கி ஒரு விளம்பரத் தாள்ல போட்டுப் பாத்தேன், காஞ்சதும் ஒட்டின இடம் விறைச்சு சுத்தி தாள் சுருங்கிடுச்சு. துத்தம்ங்கறது செம்பு உப்பு, பூச்சியைத் தடுக்கும், ஆனா நாளாக நாளாக அது தாளையே அரிக்கும். மைதாவுல இருக்கற பசைச்சத்து (குளூட்டன்) பூச்சியை இழுக்கும், அதை எடுத்துட்டு வெறும் மாவுச்சத்தை மட்டும் வெச்சா அந்த ஆபத்து குறையும், துத்தம் இல்லாமலே சமாளிக்கலாம். அந்த மாவுச்சத்தை எப்படி எடுக்கறதுன்னு அம்மாகிட்ட கேட்டா, "அல்வாவுக்கு பால் எடுக்கற மாதிரிதானேடா" ன்னாங்க. அதேதான்.

சம்பா கோதுமை கால் கிலோ, ராத்திரி பூரா ஊறவெச்சு, கிரைண்டர்ல அரைச்சு, துணியில பிழிஞ்சு பால் எடுத்தேன். மூணு தடவை தண்ணி ஊத்திப் பிழியலாம். அந்தப் பாலை அகலமான பாத்திரத்துல ஆறு மணி நேரம் அசையாம வெச்சா வெள்ளையா அடியில படியும், மேல தெளிஞ்ச தண்ணியை வடிச்சுட்டு புதுத் தண்ணி ஊத்திக் கலக்கி மறுபடி படிய விடணும். அல்வாவுக்கு ஒரு தடவை போதும், இதுக்கு நாலு தடவை செஞ்சேன், மேல மிதக்கற பழுப்பு ஏடு வர்றது நிக்கற வரைக்கும். கடைசியா படிஞ்சதைத் தட்டுல ஊத்தி வெயில்ல காயவெச்சா கட்டி கட்டியா வெள்ளை மாவு, 90 கிராம் கிட்ட வந்துது. டப்பாவுல போட்டா கெடாது.

காய்ச்சறதுக்கு ஒரு பங்கு மாவு, அஞ்சு பங்கு ஆர்.ஓ. தண்ணி. அரை மணி ஊறட்டும். அப்புறம் கொதிக்கற தண்ணிக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு அதுல ஊத்தி அரை மணி நேரம் கை விடாம கிளறணும். கெட்டியானதும் வெந்துடுச்சுன்னு நிறுத்திடக்கூடாது, வெள்ளை நிறம் போய் கண்ணாடி மாதிரி மங்கலா தெரியற வரைக்கும் போகணும். ஆறினதும் வேட்டித் துணியில ரெண்டு தடவை அழுத்தி வடிகட்டணும். வேலைக்கு எடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டு மோர் பதத்துக்குக் கொண்டுவரணும். மழைக்காலத்துல ரெண்டு நாளைக்கு மேல வெச்சா புளிச்ச வாடை வரும், அப்போ கொட்டிடணும். அதனால ஒரு தடவைக்கு ரெண்டு ஸ்பூன் மாவுக்கு மேல காய்ச்சறதில்ல.

ஒட்டறதுக்கு ஜப்பான் டிஷ்யூங்கற மெல்லிய தாள், கோசோங்கற செடியோட நார்ல செஞ்சது, 9 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 9 கிராம். வெளியூர்லேர்ந்து ஆர்டர் பண்ணித்தான் வாங்கினேன், விலை ஜாஸ்தி, ஆனா இதுக்கு மாத்து எனக்குக் கிடைக்கல. கத்தரிக்கோலால நறுக்கவே கூடாது, நறுக்கின நேர் விளிம்புல தாள் மறுபடி உடையும். ஸ்டீல் ஸ்கேலை வெச்சு மெல்லிய பிரஷ்ஷால ஒரு தண்ணிக் கோடு இழுத்து, ரெண்டு பக்கமும் பிடிச்சு மெதுவா இழுத்தா ரெண்டு மூணு மில்லிமீட்டர் நீளத்துக்கு நார் நாரா பிரிஞ்சு வரும், அந்த நார்தான் பிடிமானம். டிஷ்யூ மேல பசை தடவி, கிழிஞ்ச இடத்துல வெச்சு, மேல நான்-ஓவன் துணி, அதுக்கு மேல பிளாட்டிங் பேப்பர், அதுக்கு மேல கண்ணாடித் துண்டு, எடைக்கல். முதல் பிளாட்டிங் பேப்பரை அஞ்சு நிமிஷத்துல மாத்திடணும், அதுதான் பாதி ஈரத்தை இழுக்கும். மாத்தலேன்னா தாள் அலை அலையா காயும். கையெழுத்துத் தாளுக்கு மட்டும் பசையைக் கெட்டியா வெச்சு, பிளாட்டிங் பேப்பர்ல ஒரு தடவை ஒத்தி எடுத்து, கிட்டத்தட்ட காஞ்ச நிலையில விளிம்புல மட்டும் வெச்சேன். மசி ஓடல.

தையல். பழைய மாதிரி பக்கவாட்டுல தைச்சா மறுபடி அதே இடத்துல உடையும். அதனால ரெண்டு ரெண்டு ஒத்தைத் தாளா எடுத்து நடுவுல 15 மில்லிமீட்டர் டிஷ்யூ பட்டை வெச்சு இணைச்சு ஒரு மடிப்புத் தாளா ஆக்கினேன். நாலு மடிப்புத் தாள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேந்தா ஒரு பாரம். ஊசி போறது டிஷ்யூ பட்டை வழியாத்தான், பழைய தாள்ல ஒரு ஓட்டை கூட புதுசா விழாது, பக்கமும் விளிம்பு வரைக்கும் முழுசா திறக்கும். மூணு காட்டன் நாடா மேல தேன்மெழுகு தடவின லினன் நூல். 18/3 நூல்ல ஆரம்பிச்சேன், அஞ்சாறு பாரம் தைச்சதுமே முதுகுப் பக்கம் மட்டும் உப்பி புத்தகம் ஆப்பு வடிவத்துக்கு வந்துடுச்சு. பட்டையோட கனமும் நூலோட கனமும் முதுகுல சேருதுல்ல, அதனால அதைப் பிரிச்சு இன்னும் மெல்லிசான 30/3 நூல்ல தைச்சேன், சரியா வந்துது.

ஓரத்துக்குக் கத்தி போடல. ஏற்கெனவே அந்தக் காலத்து பைண்டர் போட்ட கத்தியிலயே சில இடத்துல தேதி பாதி போயிருக்கு. அட்டை பழைய அட்டையேதான், காலிகோ துணி கிழிஞ்ச முதுகுக்கு மட்டும் அடியில புதுத் துணி குடுத்து பழைய துண்டை மேல ஒட்டிட்டேன்.

செலவுன்னு பாத்தா டிஷ்யூ நாலு ஷீட் 1,100, பிளாட்டிங் பேப்பர் 200, நூல் 150, ஆண்டர்சன் தெருவுல பெட்டிக்கு மில்போர்டு அட்டை 120, கோடவுன் தெருவுல பசை தடவாத நான்-ஓவன் துணி ரெண்டு மீட்டர் 80, கோதுமை 25. மொத்தம் 1,675. கண்ணாடி, எடைக்கல் எல்லாம் கடையிலயே இருந்துது. நேரத்துக்குக் கணக்கு போட்டா எந்தக் கடைக்கும் கட்டாது, அதனால எல்லா பைண்டிங்குக்கும் இதைச் செய்யணும்னு நான் சொல்ல வரல. நிறைய வால்யூமுக்கு ஃப்ரீசர்ல போட்டு, தூசி தட்டி, ஒரு அட்டைப் பெட்டி செஞ்சு உள்ள வெச்சாலே போதும். பிரிக்கறது கடைசி வழி.

அடுத்த தடவை மாத்தப்போறதுன்னா, பிரிக்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பக்கத்தையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துடுவேன், இதுல பாதி பிரிச்சப்புறம்தான் ஆரம்பிச்சேன். முதுகு உப்பாம இருக்க பட்டையை 15க்குப் பதிலா 10 மில்லிமீட்டர் வெச்சுப் பாக்கணும். ஜெராக்ஸ் பேப்பர்ல கால்சியம் கார்பனேட் இருக்கறதால அதை முன்னாடியும் பின்னாடியும் வெத்துத் தாளா வெச்சேன், அதை ஆரம்பத்துலயே பாரத்தோட சேத்துத் தைச்சிருக்கலாம். பழைய நூல், துருப்பிடிச்ச பின் எல்லாத்தையும் ஒரு தனி கவர்ல போட்டு எந்தப் பக்கத்துல இருந்துதுன்னு எழுதி வெச்சிருக்கேன், புத்தகத்தோட பெட்டிக்குள்ள வைக்கல, துரு பரவும்.

பாய் இதுக்கு இன்னும் விலை போடல. மூட்டை குடுத்த வீட்டுக்காரங்களுக்குப் போன் பண்ணி கையெழுத்துத் தாள் போட்டோவைக் காட்டிட்டுத்தான் விக்கணும்னு சொல்லியிருக்கேன், அவரும் சரின்னுட்டாரு. அவங்களுக்கு வேண்டாம்னா தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல கேக்கலாம்னு இருக்கேன். மீதி ரெண்டு வால்யூமும் ஃப்ரீசர்ல இருக்கு. அதுல ஒண்ணு சுழற்காற்று, இன்னொண்ணு அட்டை ஒட்டிக்கிட்டு இருக்கறதால இன்னும் திறக்கவே இல்ல.